பக்கத்து வீட்டுக்குப் புகை போகாமல் கரி சுடுவது எப்படி?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது. மதுரைக்கு வெளியே வரிசை வீடு, பின்பக்கம் ஒரு சென்ட் கொல்லை. இரண்டு சாக்கு கொட்டாங்கச்சியும் வெட்டிப்போட்ட வேப்பங்கிளை கொஞ்சமும் கையில் இருக்கின்றன. எண்ணெய் டின்னில் கொட்டாங்கச்சியை நிரப்பி, அடியில் தீ வைத்து, நன்றாகப் பிடித்ததும் தட்டுப் போட்டு மூடியிருக்கிறார். அரைமணி நேரத்துக்குத் தெருவே தெரியவில்லையாம். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இளைப்பு வந்துவிட்டது. எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணியை எல்லாம் மறுபடி துவைத்திருக்கிறார்கள். புகையில்லாமல் கரி எடுக்க வழி உண்டா, இல்லை உயரமாக ஒரு புகைபோக்கி வைத்தால் போதுமா என்று கேட்கிறார்.

வழி உண்டு. ஆனால் உயரமான புகைபோக்கி அந்த வழி இல்லை. அது உங்கள் புகையை நாலாவது வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கும், அவ்வளவுதான். புகையை எங்கே அனுப்புவது என்று யோசிப்பதை விட்டுவிடுங்கள். அதை அங்கேயே எரித்துவிட வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு மெழுகுவர்த்தி போதும். கொஞ்ச நேரம் எரியவிட்டு ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளைக் கோடாகப் புகை எழும். எரியும் தீக்குச்சியை அந்தப் புகையில், திரிக்கு ஒரு விரற்கடை மேலே காட்டுங்கள். தீ புகை வழியாகவே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும், புகையும் நின்றுவிடும். அந்த வெள்ளைக் கோடு எரியாத மெழுகு ஆவி. மரத்திலும் ஏறக்குறைய இதே கதைதான்.

மரத்தைச் சூடாக்கினால் முதலில் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகப் போகும். 200 டிகிரியைத் தாண்டியதும் மரமே உடையத் தொடங்கும். 280 டிகிரி வாக்கில் அது தானே வெப்பத்தை வெளிவிட ஆரம்பித்துவிடும். 400, 500 டிகிரிக்குப் போகும்போது எஞ்சியிருப்பது பெரும்பாலும் கார்பன், அதாவது கரி. இடையில் வெளியேறுவதெல்லாம் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன், அசிட்டிக் அமிலம், தார் ஆவி, நீராவி, கார்பன் டை ஆக்சைடு. நீராவியையும் கார்பன் டை ஆக்சைடையும் கழித்தால் மீதி எல்லாமே எரியக்கூடியவை. போதிய சூடும் காற்றும் கிடைத்தால் மஞ்சள் தீயாக எரிந்து, கண்ணுக்குத் தெரியாத நீராவியும் கார்பன் டை ஆக்சைடுமாகப் போய்விடும். கிடைக்காவிட்டால் தார்த்துளிகளாகக் குளிர்ந்து, கண்ணைக் கரிக்கும் வெள்ளை, மஞ்சள் புகையாகத் தெருவில் இறங்கும்.

நீங்கள் செய்த தப்பு இதில் தெரிந்திருக்கும். அடியில் தீ வைத்ததால் மேலே இருந்த கொட்டாங்கச்சி எல்லாம் சூடாகி ஆவி விட்டது. அந்த ஆவியை எரிக்க மேலே தீ இல்லை. இருந்த கொஞ்சத் தீயையும் தட்டுப் போட்டு அணைத்துவிட்டீர்கள்.

என் மாமா கமுதிப் பக்கம் மூட்டம் போட்டவர். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் வட்டாரத்தில் சீமைக்கருவேலத்தைக் கரியாக்குவது இப்படித்தான். விறகைக் கும்பலாக அடுக்கி, மேலே வைக்கோலோ தழையோ பரப்பி, ஈரமண்ணால் பூசிவிடுவார்கள். தீ உள்ளே வைக்கப்படும். அப்புறம் கும்பலின் அளவைப் பொறுத்து ஒரு வாரம், பத்து நாள் காவல். ராத்திரியும் எழுந்துபோய்ப் பார்ப்பார். மண் உள்வாங்கிய இடத்தில் உடனே மண் அப்ப வேண்டும், இல்லையென்றால் காற்றுப் புகுந்து விறகு சாம்பலாகிவிடும். புகை கெட்டியான வெள்ளையாக இருந்தால் இன்னும் ஈரம் போகவில்லை, மெல்லிசாகி நீலம் தட்டினால் அந்தப் பக்கம் வெந்துவிட்டது என்று கணக்கு. அழகான கைத்தொழில். ஆனால் அந்தப் பத்து நாளும் எரிவாயு முழுவதும் குளிர்ந்த புகையாகக் காற்றில்தான் போகிறது. காட்டோரத்தில் அது நடக்கும். வீட்டுக் கொல்லையில் சின்ன அளவில்கூட மூட்டம் போடாதீர்கள். சின்ன மூட்டம் பெரியதைவிட மோசம், சூடு நிற்காது.

வீட்டுக்கு ஏற்றது மேலிருந்து தீ மூட்டும் டின். உங்களிடம் இருக்கிற 15 கிலோ எண்ணெய் டின்னே போதும். மேல்மூடியை முழுதாக வெட்டி எடுங்கள். விளிம்பு கையைக் கிழிக்கும், சுத்தியலால் உள்பக்கம் மடித்துத் தட்டிவிடுங்கள். அடித்தட்டில் பென்சில் பருமனுக்குப் பத்துப் பன்னிரண்டு ஓட்டை. டின்னை மூன்று செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடியில் காற்றுப் போகட்டும். இன்னொரு தகரத் தட்டு வேண்டும், டின்னின் வாயைவிடச் சற்றுப் பெரியதாக. அதன் நடுவில் நாலைந்து அங்குலத் துளை போட்டு, அதன்மேல் மூன்றடித் தகரக் குழாய். இந்தத் தட்டு டின்னின் வாயில் ஒட்டி உட்காரக் கூடாது. நாலு மூலையிலும் ஓட்டுச்சில்லு வைத்து, விரல் பருமனுக்கு இடைவெளி விடுங்கள். சூட்சுமம் முழுக்க இந்த இடைவெளியில் இருக்கிறது. கீழே ஓட்டை வழியாக வரும் கொஞ்சக் காற்று கரி ஆவதற்கு. மேலே இடைவெளி வழியாக வரும் நிறையக் காற்று, எழும் வாயுவை எரிப்பதற்கு. கீழே நிறைய ஓட்டை போட்டுவிட்டால் கரியே எரிந்து சாம்பல்தான் மிஞ்சும்.

கொட்டாங்கச்சியை முழுசாகப் போடாதீர்கள். கிண்ணத்துக்குள் கிண்ணம் அடுக்கியதுபோல் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்து காற்றை அடைத்துவிடும். இரண்டு விரல் அகலத் துண்டுகளாக உடைத்து, வாயிலிருந்து நாலு விரல் கீழே வரை நிரப்புங்கள். அந்த வெற்றிடத்தில்தான் தீ நின்று எரியப்போகிறது. மேலே காய்ந்த பன்னாடை ஒரு பிடி, தென்னம்பாளைச் சிலாம்பு, சுள்ளி கொஞ்சம். ஒரு கற்பூரக் கட்டியை வைத்துக் கொளுத்துங்கள். பிளாஸ்டிக் கவரும் டயர்த் துண்டும் வைத்துப் பற்றவைக்கிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அதைச் செய்துவிட்டுப் புகையைப் பற்றிப் பேச நமக்கு யோக்கியதை கிடையாது.

மேல் அடுக்கு முழுக்கத் தீப்பிடிக்க மூன்று நாலு நிமிடம் ஆகும். இந்த நேரத்தில் கொஞ்சம் புகை வரத்தான் செய்யும். தீ பரவியதும் தட்டையும் குழாயையும் தூக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் டின்னுக்குள் ‘ஹோ’ என்று மெல்லிய இரைச்சல் கேட்கும். குழாய் வாயில் புகை இருக்காது, வெயிலில் தார் ரோட்டுக்கு மேல் தெரியுமே, அந்த மாதிரி அலையலையாகச் சூடு மட்டும் தெரியும். உள்ளே நடப்பது இதுதான்: மேலே தீ, அதற்குக் கீழே கரியான அடுக்கு, அதற்கும் கீழே வெந்துகொண்டிருக்கும் அடுக்கு, அடியில் இன்னும் சூடேறாத கொட்டாங்கச்சி. வேகும் அடுக்கு மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போகும். அதன் வாயு சூடான கரி வழியாக மேலேறித் தீயில் விழுந்தே ஆக வேண்டும், தப்பித்துப் போக வழியில்லை.

நடுவில் திடீரென்று புகை வந்தால் மேல்தீ அணைந்துவிட்டது என்று அர்த்தம். காற்று வேகமாக அடித்தால் இப்படி ஆகும். எரியும் காகிதத் துண்டு ஒன்றைக் குழாய்க்குள் போட்டால் ‘பொக்’கென்று மறுபடி பிடித்துக்கொள்ளும். முகத்தைக் குழாய்க்கு நேரே வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். முதல் தடவை என் புருவம் போனது இப்படித்தான்.

ஈரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இதெல்லாம் வீண். எந்த அடுப்பு வைத்தாலும் பச்சை விறகு புகையும். தண்ணீரை ஆவியாக்குவதிலேயே சூடு செலவாகி, வாயு எரியுமளவுக்குத் தீ ஏறாது. உங்கள் வேப்பங்கிளை பெருவிரல் பருமனுக்குள் இருந்தால் கோடையில் மூன்று வாரம் மாடியில் கிடக்கட்டும். மணிக்கட்டுப் பருமன் என்றால் பிளந்து, இரண்டு மூன்று மாதம். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்றால் காய்ந்தது, ‘தொப்’ என்றால் இல்லை. கொட்டாங்கச்சியில் ஒட்டியிருக்கும் தேங்காய்ப் பருப்பையும் தும்பையும் சுரண்டிவிடுங்கள். எண்ணெய்ப் பசை கரும்புகை விடும், தும்பு ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். கொட்டாங்கச்சி, வேலிக்கருவை, புளி, கொய்யா எல்லாம் கெட்டிக் கரி தரும். முருங்கை விரலால் அழுத்தினாலே பொடியாகிவிடும், செடிக்கு மட்டும் ஆகும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் கூடவே கூடாது. அரளிக் கட்டையும் வேண்டாம், அதன் புகை விஷம். பண்ருட்டிப் பக்கத்து நண்பர் யாராவது முந்திரிக்கொட்டை ஓடு தருகிறேன் என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். அந்த ஓட்டில் உள்ள எண்ணெய் தோலையே பொசுக்கும், புகை கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது.

அடுத்தது முடிவு. பலரும் கெடுப்பது இங்கேதான். நாற்பது நிமிடமோ ஒரு மணி நேரமோ கழித்துத் தீயின் நிறம் மாறும். பொங்கி எரிந்த மஞ்சள் குறைந்து, கரி மேல் குட்டையான நீலத் தீ ஆடும். அடியில் குனிந்து பார்த்தால் ஓட்டைகளில் செங்கனல் தெரியும். வேகும் அடுக்கு அடியைத் தொட்டுவிட்டது. இனி எரிவது கரிதான். ஒவ்வொரு நிமிடமும் உங்களுக்கு நஷ்டம். சீக்கிரமாக மூடினால் அடியில் வேகாத துண்டுகள் நின்று புகையும், தாமதித்தால் சாம்பல். நீலத்தீ வந்ததும் தயங்காமல் குழாய்த் தட்டை இடுக்கியால் எடுத்துவிட்டு, ஓட்டையில்லாத தட்டால் வாயை மூடி, டின்னைச் செங்கலிலிருந்து ஈரமணல் மேல் இறக்கி, அடியையும் வாயையும் சேற்றால் அப்பிவிடுங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும், தோல் கையுறை வேண்டும், காலில் செருப்பு அல்ல, ஷூ வேண்டும். எங்காவது நூல் போலப் புகை கசிந்தால் அங்கே ஒரு உருண்டைச் சேறு.

அப்புறம் மறுநாள் வரை தொடக்கூடாது. ஆறிய டின்னைத் திறந்த பிறகும், கரியை வெறும் தரையில் பரப்பி இன்னொரு நாள் விடுங்கள். புதுக்கரி காற்றிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சும், அப்போது தானே சூடாகும். கும்பலாகக் கிடந்தால் அந்தச் சூடே மறுபடி தீ மூட்டிவிடும். எனக்கு இது தெரியாத காலத்தில், சாயங்காலம் கையால் தொட்டுப் பார்த்துச் சில்லென்று இருக்கிறதே என்று சாக்கில் அள்ளி மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீடெல்லாம் காந்தல் வாடை. சாக்கின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கனல். பக்கத்தில் பழைய செய்தித்தாள் கட்டு இருந்தது. அன்றைக்குத் தப்பித்தது எங்கள் நாய் குரைத்ததால்.

தண்ணீர் ஊற்றி அணைக்கலாமே என்றால், செடிக்குப் போடும் கரிக்குச் சரி. இஸ்திரிப் பெட்டிக்கும் அடுப்புக்கும் என்றால் வேண்டாம், காய வைக்கவே இரண்டு நாள் ஆகும், நீராவியும் சாம்பலும் தெறிக்கும். அந்தக் கரித்தண்ணீரைச் சாக்கடைக்கும் கிணற்றோரத்துக்கும் விடாதீர்கள். கொங்குப் பக்கம் தேங்காய்த்தொட்டிக் கரி சுடும் ஆலைகள் மேல் ஊர்க்காரர்கள் சொல்லும் குறை புகையோடு நிற்பதில்லை, கிணற்றுத் தண்ணீரும் அதில் உண்டு.

நாலு கிலோ காய்ந்த கொட்டாங்கச்சிக்கு எனக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கரி கிடைக்கிறது. இதைவிடக் கூடுதலாகவும் ஒரே பதமாகவும் வேண்டுமானால் டப்பாவுக்குள் டப்பா முறை இருக்கிறது. பால்பவுடர் டின் மாதிரி ஒன்றில் கொட்டாங்கச்சியை அடைத்து, அடியில் ஆணியால் நாலைந்து ஓட்டை போட்டு, தகர மூடியால் மூடி, மேலே சொன்ன பெரிய டின் தீயின் நடுவில் வைப்பது. உள்டின்னிலிருந்து வரும் வாயு ஓட்டை வழியாகச் சீறிக்கொண்டு வந்து வெளித்தீயில் எரியும். சீறல் நின்றால் வேலை முடிந்தது. ஓட்டை போடாமல் இறுக்கி மூடினால் அது வெடிகுண்டு, மறக்க வேண்டாம். சாம்பிராணிக்கும் அடுப்புக்கும் இந்தக் கரி பிரமாதமாக இருக்கும்.

கிளை நிறைய இருக்கிறது, ஊரில் தோட்டமும் இருக்கிறது என்றால் கூம்புக் குழி. இரண்டடி ஆழத்தில் சரிவான குழி, அடியில் சின்னத் தீ. மேல் அடுக்கில் வெள்ளைச் சாம்பல் பூக்க ஆரம்பிக்கும்போதெல்லாம் இன்னொரு மெல்லிய அடுக்குச் சுள்ளி. மேலே எப்போதும் தீ திரை போல நின்று காற்றைக் குடித்துவிடுவதால் அடியில் உள்ளது சாம்பலாகாமல் கரியாக நிற்கும். ஜப்பானில் முன்பே இருந்த இந்த யோசனையை, சுவிட்சர்லாந்தின் இத்தாகா நிறுவனத்தில் 2014-ல் இரும்புக் கூம்பாகச் செய்து ‘கோன்-டிக்கி’ என்று பேர் வைத்தார்கள். ஒருவர் முழு நேரமும் பக்கத்தில் நின்று போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தீ ஆளுயரம் எழும், ஆகவே ஒரு சென்ட் கொல்லைக்கு இது இல்லை.

எந்த டின் என்பதிலும் கவனம் வேண்டும். துத்தநாகப் பூச்சு உள்ள வாளி, டிரம் வேண்டாம், அந்தச் சூட்டில் வரும் துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். தின்னர், பெயின்ட் இருந்த டிரம்மை வெட்டவே வெட்டாதீர்கள், உள்ளே மிச்சமிருக்கும் ஆவி வெடிக்கும். சமையல் எண்ணெய் டின் மெல்லிய தகரம், ஏழெட்டுத் தடவையில் ஓட்டையாகிவிடும், போகட்டும். டின்னை மண் தரையில் வையுங்கள். மாடியில் நேரே வைத்தால் தளத்தில் பதித்த ஓடு வெடித்து மழைக்காலத்தில் வீட்டுக்குள் ஒழுகும். மேலே கேபிள் வயர் போகிறதா என்று ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள்.

நேரமும் முக்கியம். யாரும் பார்க்காத நேரம் என்று விடியற்காலையிலும் ராத்திரியிலும் கரி சுடுகிறவர்கள் உண்டு. அதுதான் படுமோசமான நேரம். அப்போது தரையோரக் காற்று குளிர்ந்து மேலே எழாமல் கிடக்கும், புகையும் அதோடு படுத்துவிடும். 2018 போகியன்று சென்னையில் இப்படிப் படிந்த புகைமூட்டத்தில் விமானங்களே தரையிறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டன. பதினொரு மணிக்கு மேல், வெயில் ஏறி இளங்காற்று இருக்கும்போது செய்தால் முதல் நாலு நிமிடப் புகையும் நேரே மேலே போய்க் கலைந்துவிடும். ஒரே சங்கடம், அது துணி காயும் நேரம். ஆகவே முதல்நாளே சொல்லிவிடுங்கள். “அக்கா, நாளைக்குப் பதினொண்ணரைக்குக் கொஞ்சம் கரி சுடலாம்னு இருக்கேன். ஆரம்பத்துல ஒரு அஞ்சு நிமிஷம் புகை இருக்கும், துணிய மட்டும் மத்தியானம் காயப்போடுறீங்களா?” இப்படிக் கேட்டு மறுத்தவரை நான் பார்த்ததில்லை. கேட்காமல் செய்துவிட்டு அப்புறம் விளக்கம் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. அந்தப் பாட்டி விஷயம் வேறு. இளைப்பு உள்ளவருக்கு அந்த அஞ்சு நிமிடமும் அதிகம். அவர் வெளியே போயிருக்கும் நாளாகப் பாருங்கள், இல்லையென்றால் காற்று அவர் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் போகும் நாளாகவாவது பாருங்கள்.

குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதற்கு 2016 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவிட்டது. புகை கிளப்பிவிட்டால், இது குப்பை இல்லை சார், கரி என்று வாதாடுவது கஷ்டம்.

அடுக்குமாடிக் குடியிருப்பு பால்கனியில் செய்யலாமா என்று யாரேனும் கேட்டால் என் பதில் கூடாது. கார் ஷெட், மூடிய வராந்தா எதுவும் கூடாது. புகை தெரியாததால் கார்பன் மோனாக்சைடு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கு நிறமும் கிடையாது வாடையும் கிடையாது. கொடைக்கானல், ஊட்டிக் குளிரில் அறைக்குள் கரியடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்று அவ்வப்போது செய்தி வருவது இதனால்தான்.

மாதம் ஒரு தடவை இஸ்திரிக்கு மட்டும்தான் கரி வேண்டும் என்றால், இவ்வளவு பாடு எதற்கு, கடையில் வாங்கிவிடுங்கள். கொட்டாங்கச்சி வீணாகிறதே என்பதும், மாடித்தோட்டம் இருக்கிறது என்பதும் காரணமாக இருந்தால் செய்யலாம்.

கரி பதமாக வந்ததா என்று பார்க்க ஒரு துண்டைக் கல்தரையில் போடுங்கள். ‘கிண்’ என்று உலோகச் சத்தம் வரும், உடைத்தால் முறிவு பளபளக்கும். உள்ளே பழுப்பாக இருந்தால் அரைவேக்காடு. அதை இஸ்திரிப் பெட்டியில் போட்டால் வெள்ளைச் சட்டை மேல் புகைக்கறை படியும், அடுப்பில் போட்டால் பக்கத்து வீட்டோடு மறுபடி சண்டை. அந்தத் துண்டுகளைத் தனியே எடுத்து அடுத்த டின்னில் மேலாகப் போட்டுவிடுங்கள், மீதியும் வெந்துவிடும்.

சல்லடையில் மிஞ்சும் தூளும் சில்லும் தொட்டிக்கு. நேரடியாகப் போடாதீர்கள், மண்ணில் இருக்கும் சத்தையெல்லாம் முதலில் அது இழுத்துவைத்துக்கொள்ளும், செடி வெளுத்துப்போகும். சாணிக்கரைசலிலோ ஜீவாமிர்தத்திலோ இரண்டு வாரம் ஊறவிட்டு, பத்துப் பங்கு தொட்டி மண்ணுக்கு ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலந்தால் போதும்.